இரண்டாயிரத்து நானூறு கன அடி

வரைபடத்தை விரித்தால் சாப்பாட்டு மேசை போதவில்லை.
திருக்கோவிலூர் ஒரு முனையில் தொங்குகிறது,
தாழங்குடா ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில்.
நடுவில் தென்பெண்ணையை
நீலத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.
அச்சடித்தவர் நேரில் பார்த்ததில்லை போலும்.

மூன்று பேர். லாரி ட்யூப் நான்கு, ஒன்று உபரி.
அரியாங்குப்பத்தில் டயர் கடை வைத்திருக்கும் சவரிராஜ்
பஞ்சர் ஒட்டிய இடத்திலெல்லாம் தேதி எழுதியிருக்கிறார்.
ஹபீபா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ்;
எலிக்காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம்,
கட்டுத்துணி எல்லாம் அவள் பொறுப்பு.
பாம்புக்கு என்ன என்று கேட்டால்
"பாம்புக்கு ஒன்றும் ஆகாது" என்கிறாள்.

சோறும் கணக்கும் நான்.
நான்கு பகல், மூன்று இரவு:
அவல் இரண்டு கிலோ, வெல்லம்,
கருவாடு தனி டப்பாவில்,
குடிக்க இருபது லிட்டர் கேன் இரண்டு.
ஆற்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு போகிறவர்கள்
நாமாகத்தான் இருப்போம் என்றார் சவரிராஜ்.

தளவானூரில் கரையேறி நடக்க வேண்டும்.
உடைந்த தடுப்பணையின் கம்பிகள்
தண்ணீருக்கடியில் நிற்கும்,
ட்யூபுக்கும் தொடைக்கும் வித்தியாசம் தெரியாதவை.
கண்டரக்கோட்டைப் பாலம் தாண்டினால்
மணல் அள்ளிய குழிகள் இருக்கலாம்:
முழங்காலளவு என்று நடக்கும்போதே ஆளளவு.
யாரும் காலூன்றக் கூடாது.
இதை மட்டும் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.
சொர்ணாவூருக்கு முன்னால் சீமைக்கருவை,
அதற்கு அரிவாள் ஒன்று.

எல்லாம் இருக்கிறது, ஆறுதான் இல்லை.
மற்றவர்களின் ஆறு தூரத்தில் இருக்கும்,
பஸ் மாறி ஜீப் மாறிப் போய்ச் சேர்ந்துவிடலாம்.
எங்கள் ஆறு வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம்,
ஸ்கூட்டரில்.
போய் நின்றால் பையன்கள் ஸ்டம்பு நட்டிருப்பார்கள்.
அது கார்த்திகைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது,
அங்கே பஸ் போகாது.
வாங்கிய அவலை ஒவ்வொரு தையிலும்
நாங்களே தின்று தீர்க்கிறோம்.

ஐநூறு கன அடி திறந்தால் கணுக்கால் நனையும்.
ஐம்பதாயிரம் என்றால்
பேப்பரில் எங்கள் மூவர் படமும் வரும்.
ஒரு டிசம்பர் நடுராத்திரி லட்சத்தைத் தாண்டியது.
ஹபீபா வீட்டு ஃப்ரிட்ஜ்
எங்களுக்கு முன்பே மிதந்து போனது.
அதற்கப்புறம் ஏழெட்டு மாதம்
நாங்கள் வரைபடத்தை விரிக்கவில்லை.
பிறகு ஹபீபாதான் கேட்டாள், எவ்வளவு இருந்தால் சரியென்று.
கூட்டிக் கழித்துச் சொன்னேன்:
இரண்டாயிரத்து நானூறு, நான்கு நாள் நிலையாக.

எனக்கு வேலை மஞ்சக்குப்பத்தில்,
கலெக்டர் ஆபீஸ், பேரிடர் பிரிவு, இரண்டாவது மேசை.
சாத்தனூரிலிருந்து எண் வந்தால்
எச்சரிக்கையைத் தட்டச்சு செய்வது நான்தான்.
பொதுமக்கள் ஆற்றில் இறங்கவோ, குளிக்கவோ,
கால்நடைகளை ஓட்டிச் செல்லவோ,
செல்ஃபி எடுக்கவோ வேண்டாம்.
மிதக்கவோ என்று அதில் இல்லை.
பல தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.

இந்த வருடம், ஒரு செவ்வாய், நாலு பத்துக்கு
எண் வந்தது: 2,400.

பழைய கோப்பைத் திறந்தேன். தேதியை மாற்றினேன்.
குளிக்கவோ என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
கர்சர் துடித்துக்கொண்டு நின்றது.
கீழ் இழுப்பறையில் ஒரு நிவாரணக் கோப்பு இருக்கிறது,
ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருவர்,
முழங்காலளவு என்று நடந்தவர்கள்.
'மிதவைகளில் செல்லவோ' என்று சேர்த்தேன்.
தாசில்தார் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
"நல்ல பாயிண்ட்டும்மா" என்றார்.

வராந்தாவுக்கு வருவதற்குள் போன் அடித்தது.
"எவ்வளவு?" என்றார் சவரிராஜ், ஹலோ கூடச் சொல்லாமல்.
சொன்னேன்.
அறிவிப்பு போயிருக்கிறது என்றும் சொன்னேன்,
அதற்குள் அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்துவிட்டது.
ஒரு ட்யூப் நிரம்பி நின்றது.
இரண்டாவது.
போனை வைக்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.